324 இலை

பன்னிரண்டு பேர், ஒன்பது நாள், மூன்று வேளை. பெருக்கினால் 324 இலை. குறுகியகால ஊழியப் பயணம் என்று டெல்டாவிலிருந்து வெளிநாடு கிளம்பும் குழுக்களின் திட்டத் தாளில் விமானக் கட்டணம் இருக்கும், பனியனில் வசனம் அச்சடிக்கும் செலவு இருக்கும், வழியனுப்பு ஆராதனைக்கு மைக் செட் வாடகைகூட இருக்கும். இந்த 324 மட்டும் இருக்காது. போய்ச் சேருகிற ஊரில், அங்குள்ள போதகர் வீட்டம்மாவின் அடுப்பில் ஏறும் கணக்கு இது. இடையில் போடும் டீ, குளிக்க வைக்கும் வெந்நீர், இரவல் வாங்கிய பாயும் போர்வையும் இதில் சேர்த்தியில்லை.

இதை டெல்டாக்காரர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. முந்நூறு வருஷமாக வந்திறங்குகிறவர்களைப் பார்த்துப் பழகிய கரை இது. 1706 ஜூலை 9 அன்று ஜெர்மன் மிஷனரிகளான சீகன்பால்குவும் புளுட்சாவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக். அப்படியும் கோட்டையிலிருந்த டேனிஷ் அதிகாரிக்கு அவர்கள் வரவு பிடிக்கவில்லை. சீகன்பால்கு ஒரு முதிய தமிழ் வாத்தியாரின் பள்ளிக்கூடத்தைத் தன் வீட்டுக்கே வரவழைத்து, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் முடிய 1715 ஆயிற்று. புதிய எருசலேம் ஆலயம் எழும்பியது 1718-இல். அடுத்த வருஷமே, 36 வயதில், அந்த ஆலயத்துக்குள்ளேயே அவரை அடக்கம் செய்தார்கள். 1750-இல் வந்த இன்னொரு மிஷனரி சுவார்ட்ஸ், 1798-இல் தஞ்சாவூரில் கண்மூடும்வரை ஐரோப்பாவுக்குத் திரும்பவே இல்லை. நாற்பத்தெட்டு வருஷம்.

ஒன்பது நாள் போய்வருகிறவர்களை வழியனுப்பு ஆராதனையில் 'நம் சபையின் மிஷனரிகள்' என்று முன்னால் நிறுத்தி மாலை போடுவதைப் பார்த்தால், தரங்கம்பாடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு இப்படிச் செய்கிறோமே என்று கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. போய்வருகிறவர் விருந்தாளி. அதை ஒப்புக்கொண்டுவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். விருந்தாளிக்கு என்ன இலக்கணம் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும்: சொல்லிவிட்டுப் போக வேண்டும், வெறுங்கையோடு போகக்கூடாது, வீட்டுக்காரர் சமையலறையில் நாட்டாமை செய்யக்கூடாது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பதும் நம் ஊர்ச் சொல்தான். ஒன்பது நாள் என்பது ஏற்கெனவே மூன்று மடங்கு.

விருந்தாளியால் என்ன தொல்லை வரும் என்பதற்கு இன்னொரு பாடமும் இந்தக் கரையில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த வாரங்களில் லாரி லாரியாக வந்ததில் பெரும்பகுதி பழந்துணி. கிழிந்த சட்டை, மீனவப் பெண்கள் உடுத்தாத உடை, கம்பளி. யாரும் எடுக்காமல் சாலையோரத்தில் குவிந்து மழையில் ஊறியது. அதை அள்ளி அப்புறப்படுத்தவே தனியாக ஆளும் வண்டியும் வேண்டியிருந்தது. கொடுத்தவர்கள் மனசு நல்ல மனசுதான். வாங்குகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவ்வளவே. இன்று நம் சபைகள் அனுப்பும் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தால் அந்தச் சாலையோரம் நினைவுக்கு வராமல் போகாது.

தஞ்சை, நாகை, திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்துக் குழுக்களுக்கு இயல்பாகப் பொருந்துகிற இடம் இலங்கையின் மலையகம். மொழி ஒன்று, தூரம் குறைவு, உறவும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டத்துக்கும், பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் ஆள் போனதில் தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அங்கே மாசியில் காமன் கூத்து ஆடுவதைப் பார்த்தால் எந்த ஊர்க்காரர் என்று கேட்கத் தோன்றும். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்துப் பலரை இங்கே அனுப்பியது. இந்த இரண்டு ஆண்டும் தெரியாமல் ஒருவர் அந்த மலை ஏறக்கூடாது. அவர்களை 'மலையகத் தமிழர்' என்று சொல்லுங்கள். 'தோட்டக்காட்டான்' என்பது வசை. வேடிக்கையாகக்கூட வாயில் வரக்கூடாது. 'சிலோன்காரங்க' என்பதையும் ஊரிலேயே விட்டுவிட்டுப் போகலாம்.

நேபாளத்துக்குக் கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்பதால் சுலபம் என்று தோன்றும். 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 158-ஆம் பிரிவு, மதம் மாற்றுவதற்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் 50,000 நேபாள ரூபாய் வரை அபராதமும் வைக்கிறது. வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்து ஏழு நாளுக்குள் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள். துண்டுப்பிரதி கொடுத்துவிட்டு நாம் பஸ் ஏறிவிடலாம். போலீஸ் வந்து விசாரிப்பது நம்மைக் கூப்பிட்ட உள்ளூர்ப் போதகரைத்தான்.

காலம் குறிப்பதில்தான் பெரும்பாலான பயணங்கள் கெடுகின்றன. நமக்கு வசதி மே மாதம். பள்ளி விடுமுறை, சம்பா அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசு, குறுவைக்கு மேட்டூர் திறக்க ஜூன் 12 வரை நேரம் இருக்கிறது. மலையகத்துக்கோ மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் மாதம். அட்டன், நோர்வூட், மஸ்கெலியா என்று மேற்குச் சரிவு முழுக்க நனையும். மண் சரியும், பாதை அடைபடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பழகிய நமக்குச் சித்திரைக் கடைசியில் மழை என்பது மனதில் பதிவதில்லை. போதாததற்கு அந்த மாதம் பௌத்தர்களின் வெசாக் பண்டிகை, வரிசையாக விடுமுறை. பிள்ளைகளுக்கோ பள்ளி நடந்துகொண்டிருக்கும். அவர்களுடைய விடுமுறை வழக்கமாக ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர். ஏப்ரலில் போகலாமா என்றால் நமக்குத் தவக்காலமும் பரிசுத்த வாரமும் குறுக்கே வரும். அவர்களுக்கு 13, 14 தேதிகளில் புத்தாண்டு, அதையொட்டி வண்டியும் கிடைக்காது, கடையும் திறக்காது. ஆகஸ்ட் என்றால் இங்கே சம்பா நாற்றங்கால், விவசாயி நகர முடியாது. டிசம்பரில் எந்தப் போதகருக்கும் மூச்சுவிட நேரமில்லை.

மிஞ்சுவது இரண்டு இடைவெளிகள். தை அறுவடை முடிந்து, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வருவதற்குள் கிடைக்கும் பத்து நாள். மேற்குச் சரிவில் அப்போது மழை குறைவு, குளிர் அதிகம். அல்லது ஈஸ்டர் முடிந்த மறு வாரம், அது ஏப்ரல் 14-க்குப் பின்னால் விழுகிற வருஷங்களில் மட்டும். பதுளைப் பக்கம் கணக்கு வேறு; கிழக்குச் சரிவுக்கு நம்மைப்போல வடகிழக்குப் பருவமழைதான். எந்தச் சரிவு என்று கேட்காமல் டிக்கெட் போடக்கூடாது.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்த உடம்புக்கு அங்கே ராத்திரி பல் கிட்டும். கம்பளியும் போர்வையும் நாமே கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்காரர் தன் பிள்ளைகளுடையதை உருவிக் கொடுப்பார். ரத்தம் உறிஞ்சும் அட்டைக்குக் கொஞ்சம் உப்பு, அல்லது காலில் சவர்க்காரம் தடவிக்கொள்வது.

போக்குவரத்துக்கு வருவோம். நாகை - காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கிச் சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. நம் ஊர்த் துறைமுகத்திலிருந்து ஏறுவதில் ஒரு மகிழ்ச்சி உண்டு, யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு அதுவே சரி. மலையகத்துக்கு அது சுற்றுவழி; காங்கேசன்துறையில் இறங்கினால் இன்னும் ஒரு முழுப் பகல் பயணம் பாக்கி. வடகிழக்குப் பருவமழையில் கடலை நம்பித் தேதி குறிக்கவும் முடியாது. திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம், அங்கிருந்து அட்டன் வரை மலைப்பாதையில் நான்கைந்து மணி நேரம் ஆகும்.

பாஸ்போர்ட் வேலையை ஆறு மாதம் முன்பே தொடங்க வேண்டும். டெல்டா மாவட்டங்களுக்குத் திருச்சி அலுவலகம். கிறிஸ்தவக் குடும்பங்களில் அடிக்கடி மாட்டிக்கொள்வது பெயரில். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் இன்ஷியல் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால். குழுவாக டிக்கெட் போடும்போது பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் பார்த்து எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்யுங்கள்; வாட்ஸாப்பில் வந்த பெயரை வைத்துப் போடாதீர்கள். இலங்கையில் போய் இறங்கும் தேதியிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும்.

இலங்கைக்குள் நுழைய முன்கூட்டியே இணையத்தில் எடுக்கும் இ.டி.ஏ. அனுமதி வேண்டும். எல்லோரும் 'சுற்றுலா' என்று போட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அதுதான் மலிவு. சுற்றுலா என்பது ஊர் பார்க்கவும் உறவினரைப் பார்க்கவும். ஆலயத்தில் உட்கார்ந்து ஆராதிப்பது ஒன்று, பந்தல் போட்டுச் சுவிசேஷக் கூட்டம் நடத்துவது வேறு. பிரசங்கம், கூட்டம் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தால், அழைக்கும் சபையிடமிருந்து எழுத்தில் அழைப்பு வாங்கி, எந்த வகை அனுமதி வேண்டும் என்று இலங்கைத் துணைத் தூதரகத்திலேயே கேட்டு, அந்த வகையைத்தான் எடுக்க வேண்டும். ஞாயிறுதோறும் சத்தியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குடிவரவு மேசையில் 'சும்மா சுத்திப் பார்க்க வந்தோம்' என்று சொல்வதை எந்த ஜெபக்குறிப்பில் சேர்ப்பது?

பணம். அந்நியச் செலாவணியை அனுமதி பெற்ற முகவரிடம், ரசீதோடு வாங்குங்கள். கையில் டாலர் நோட்டாக ஒருவர் 3,000 வரை கொண்டுபோகலாம். இந்திய ரூபாய் 25,000 வரை. சபைப் பொருளாளர்கள் தவறவிடும் இடம் வேறு. வருமான வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளையின் பணத்தை இந்தியாவுக்கு வெளியே செலவழித்தால், நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி இல்லாதவரை, அந்தத் தொகைக்கு விலக்குக் கிடைக்காது. ஆகவே பயணச் செலவைப் போகிறவர்கள் தங்கள் பெயரில், தங்கள் கணக்கில் கட்டுவதே சுத்தம். காணிக்கைப் பையிலிருந்து எடுத்துவிட்டு ஆடிட்டர் கேட்கும்போது விழிப்பதில் பயனில்லை.

ஒருவருக்கு எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டு பேருக்கு 7,20,000. இந்தத் தொகையைக் குழுவின் முன் பலகையில் எழுதி, அதன் கீழே ஒரு கேள்வியையும் எழுத வேண்டும்: இதே பணத்தை அங்குள்ள சபைக்கு அனுப்பினால் என்ன செய்வார்கள்? பயணம் வேண்டாம் என்பதற்காக இதைக் கேட்கவில்லை. போய்வருவதில் பணத்தால் வாங்க முடியாத ஒன்று உண்டு, முகம் பார்ப்பது. ஆனால் முகம் பார்க்கப் பன்னிரண்டு பேர் வேண்டாம். ஐந்து பேர் போதும். இலை 135 ஆகிவிடும்; ஒரே வேனில் அடங்கும்; ஒரே வீட்டில் படுக்கலாம்.

அந்த ஐந்தில் பிரசங்கியார் ஒருவருக்கு மேல் வேண்டாம். அவரும் ஒரு ஞாயிறு பேசினால் போதும். மற்ற நேரம் கேட்கட்டும். சமைக்கத் தெரிந்த ஒருவர், ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவர், ஒயரிங் அல்லது குழாய் வேலை தெரிந்தவர் ஒருவர், கணக்கு எழுதத் தெரிந்தவர் ஒருவர். கீபோர்டு வாசிக்கிறவர் இருந்தால் நல்லது, கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போகாதவரை.

சாப்பாட்டுச் செலவை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். கடைசி நாள் கவரில் வைத்துக் கொடுப்பதுதான் நம் வழக்கம். அதற்குள் அந்த வீட்டம்மா கடன் வாங்கி முடித்திருப்பார். விருந்தாளி என்றால் தினமும் கோழி வைப்பார்கள். வீட்டில் மாதத்துக்கு எத்தனை முறை கோழி என்பதைக் கேட்கவே வேண்டாம். 'காலையில் ரொட்டியும் சம்பலும், மதியம் சோறும் பருப்பும், இரவு மிச்சம்' என்று அழைப்புக் கடிதத்துக்கான பதிலிலேயே எழுதிவிடலாம். தட்டைக் குழுவே கழுவும் என்றும் எழுதுங்கள், ஆண்கள் உட்பட.

வேலைக்கு வந்தால், தோட்டத்தின் நேரத்தைப் புரிந்துகொள்ளாமல் எதுவும் நடக்காது. காலையில் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கூடும் இடம்; அங்கே பேர் பதிந்தால்தான் அன்றைய வேலை. ஒரு நாள் கூலிக்கே அங்கே 'பேர்' என்றுதான் பெயர். பல தோட்டங்களில் 18, 20 கிலோ கொழுந்து எடுத்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். பகல் பதினொரு மணிக்குப் 'பெண்கள் கூடுகை' என்று வைத்தால் மரியாதைக்காக நாலு பேர் வருவார்கள். வந்த நாலு பேரும் அரைப் பேரை இழந்திருப்பார்கள். கொழுந்து மிகுந்த காலத்தில் ஞாயிறும் வேலை இருக்கும். சாயங்காலம் ஐந்தரைக்கு லயம் என்கிற வரிசை வீடுகளுக்குத் திரும்பி, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி முடிய ஏழரை. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம்தான் அவர்களுடையது. அந்த ஒரு மணி நேரத்தையும் ஒன்பது நாளும் கேட்பது அநியாயம்.

லயத்துக் காம்பரா அறைகளில் குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். மாரியம்மன் கோவில் முன்னால் ஸ்பீக்கர் கட்டிவிட்டு நாம் ஊர் திரும்பிவிடலாம். அடுத்த திருவிழாவில் அந்தக் கிறிஸ்தவக் குடும்பங்களை யாரும் கூப்பிடாமல் போவதும், குழாயடியில் பேச்சு நிற்பதும் திரும்பி வந்தவர்களின் அறிக்கையில் வராது.

விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தலாம், நாம் நடத்தாத வரையில். உள்ளூர் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் முன்னால் நிற்கட்டும். நாம் காகிதம் வெட்டலாம், பால் காய்ச்சலாம், கணக்கு எழுதலாம். நம் பொம்மலாட்டத்தையும் வண்ணப் பெட்டியையும் பார்த்த பிள்ளைகளுக்கு அடுத்த ஞாயிறு தங்கள் டீச்சர் சப்பென்று தெரிவார். பொருள்களை அட்டனிலோ நுவரெலியாவிலோ வாங்கினால் டீச்சருக்குக் கடை தெரியும், அடுத்த வருஷம் அவரே வாங்கிக்கொள்வார். பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும்; கதவு திறந்தே இருக்க வேண்டும்; படம் எடுக்கப் பெற்றோரைக் கேட்க வேண்டும். தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளை மடுவத்தில் மூக்கொழுகும் குழந்தையைத் தூக்கிவைத்து எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் போடுகிறவர், தன் பேரப்பிள்ளையின் படத்தை அந்தக் கோலத்தில் போடுவாரா?

மருத்துவ முகாம் பற்றிச் சுருக்கமாக: வேண்டாம். இலங்கையில் மருத்துவம் பார்க்க அந்நாட்டு மருத்துவ மன்றத்தின் பதிவு வேண்டும். அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். பத்து நாளுக்கு ரத்த அழுத்த மாத்திரை கொடுத்தால் பதினோராம் நாள் யார் கொடுப்பது? முகாமை நம்பி டிஸ்பென்சரி மருந்தை நிறுத்தியவருக்கு அது ஆபத்து. கண்ணாடி, காது, பல் என்று ஏதாவது செய்யத்தான் வேண்டுமென்றால், பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வண்டி வாடகை கொடுத்து அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவிடலாம்.

வெள்ளையடிக்கும் வேலையும் அப்படித்தான். ஆலயச் சுவருக்கு ஐந்து பேர் இரண்டு நாள் செய்கிற வேலையை உள்ளூர்ப் பெயின்டர் ஒருவர் நான்கு நாளில் ஒழுங்காகச் செய்வார், கூலியும் அவர் வீட்டுக்குப் போகும். நாம் அடித்த சுவர் மழைக்கு முன் உரிந்தால், காரணம் பெரும்பாலும் பாசியைச் சுரண்டாமல், சுவர் காயாமல் மேலே பூசியது. குளிர் மலையில் அது காயும் வேகம் தஞ்சாவூர் வெயிலில் காய்கிற வேகம் இல்லை.

சரி, பிறகு எதற்குத்தான் போவது? கேட்க. சேர்ந்து பாட. வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்றைத் தஞ்சாவூர் மெட்டில் நாம் எடுக்க, அவர்கள் தங்கள் மெட்டில் இழுக்க, இரண்டும் மோதி நிற்கிற அந்த இடத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், அதற்குப் போகலாம். லயத்து வாசலில் பிளேன்டீ குடித்துக்கொண்டே, அவர்கள் பாட்டன் எந்த ஊரென்று கேட்டு, அந்த ஊர்க் குளத்தின் பெயரையும் கோவிலின் பெயரையும் சொல்லலாம். ஊர்ப்பெயர் மட்டும் காதில் வாங்கி வளர்ந்தவர்கள் அங்கே நிறைய. திரும்பி வந்து அந்த ஊரின் படம் இரண்டு எடுத்து அனுப்பினால் அது ஒன்பது நாள் பயணத்தில் நடந்த உருப்படியான காரியம்.

வந்தபின் சபைக்குச் சொல்வதைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிடலாம். செலவுத் தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு போன். போதகரிடம் 'எங்களால ஏதும் சிரமமா ஐயா?' என்று கேட்டால் 'அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, ரொம்ப ஆசீர்வாதமா இருந்துச்சு' என்றுதான் பதில் வரும். அதனால் நம் ஞாயிறு பள்ளி டீச்சரைவிட்டு அவர் வீட்டம்மாவிடம் பேசச் சொல்ல வேண்டும், அதுவும் எண்ணிக்கையாக. அக்கா, எத்தனை சிலிண்டர் ஆச்சு? அரிசி யார்கிட்ட கடன் வாங்குனீங்க, அத குடுத்தாச்சா? போர்வையெல்லாம் திரும்பிப் போச்சா? முதலில் சிரிப்பார். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்குவார். அப்போது பக்கத்தில் பேனா இருக்கட்டும்.